பலகையைத் திருப்பி வைத்து இன்னொரு படம்

"பேஷண்ட் பேர் என்ன தம்பி?"

ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன் அண்ணன் கேட்டபோது ராத்திரி பத்தேகால். கடைசி நோயாளி கிளம்பின பிறகுதான் எங்களுக்கு மெஷின் கிடைக்கும். பெயர் போடாமல் அந்தக் கம்ப்யூட்டர் அடுத்த திரைக்குப் போகாது. "போரைட்டீஸ்" என்றேன். எழுத்துக்கூட்டி அடித்தார்.

"வயசு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் அண்ணே வந்திருக்கோம்."

"ஆணா, பெண்ணா?"

பதில் தெரியாமல் முழித்தேன். அவரே 'மற்றவை' என்று போட்டுவிட்டு, மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்துச் சிரித்தார். போரைட்டீஸ் பவளங்களில் பலவற்றுக்கு ஆண் கூட்டம், பெண் கூட்டம் என்று தனித்தனியாக உண்டு என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கேள்வி அவ்வளவு அபத்தமானதில்லை.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். கடல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தவன். "படத்திலிருந்து பவள வளர்ச்சியை அளக்கணும், அதுக்கு ஒரு புரோகிராம் வேணும்" என்றார்கள். படம், பிக்சல், அளவுகோல் எல்லாம் தெரிந்த விஷயம்தானே, ரெண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஆகிறது. இதே வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு, நான் பட்டதில் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தவை பழைய கோர்கள், அதாவது பவளத்தைத் துளைத்தெடுத்த கல் உருளைகள். லட்சத்தீவுப் பக்கம் முறையான அனுமதியோடு எப்போதோ துளைத்தெடுத்து, பி.வி.சி. குழாயில் போட்டு, அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தவை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்த பிறகு, புதிதாக ஒன்று துளைப்பதற்குக் காகிதம் சுமந்தே காலம் போய்விடும். கையில் இருப்பதைக் கெடுத்துவிட்டால் மாற்று கிடையாது. அதனால் அளவு எடுக்கும் வேலைக்கு ஒரு பயபக்தி உண்டு.

எனக்குப் பவளம் புதிதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ராமேஸ்வரம் போகும் வழியில் பாட்டி வீடு. அந்தக் காலத்துச் சுவர், முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. பூச்சு உதிர்ந்த இடங்களில் பொடிப்பொடியாகப் பூப்போட்ட மாதிரி துளைகள் தெரியும். விளக்குமாற்றுக் குச்சியை அதில் குத்தி விளையாடியிருக்கிறோம். ஒவ்வொரு துளையும் ஒரு உயிர் உட்கார்ந்திருந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை.

போரைட்டீஸ் என்பது கவிழ்த்த அண்டா மாதிரி வளரும் பவளம். உயிருள்ள பகுதி மேல்தோல் மட்டும்தான், சில மில்லிமீட்டர் கனம். அந்தத் தோலில் மில்லிமீட்டர் அளவுக் குழிகளில் பாலிப்கள் என்ற குட்டி உயிர்கள் உட்கார்ந்து, தங்களுக்குக் கீழே சுண்ணாம்பைக் கட்டிக் கட்டி மேலே ஏறுகின்றன. வருஷத்தின் ஒரு பருவத்தில் கட்டுவது நெருக்கமாக இருக்கும், இன்னொரு பருவத்தில் இளக்கமாக இருக்கும். நடுவே ஒரு பலகை அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் வெளிர்ப்பட்டை, கரும்பட்டை என்று மாறி மாறி வரும். ஒரு ஜோடி, ஒரு வருஷம்.

ஒரு ஜோடி ஒரு வருஷம்தான் என்பதை உறுதி செய்த கதை விசித்திரமானது. பசிபிக்கில் எனிவெடாக் என்று ஒரு பவளத்தீவு. 1948 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. வெடிப்பில் விழுந்த கதிரியக்கப் பொருள் அந்தந்த வருஷத்துச் சுண்ணாம்பில் போய்ப் பதிந்துவிட்டது. 1972-இல் நட்சன், படமையர், ஸ்மித் என்ற மூவர் அந்தப் பவளத்தின் எக்ஸ்ரேயையும் கதிரியக்கப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குண்டு வெடித்த ஆண்டுகளும் பட்டைக் கணக்கும் பொருந்தின. தீவை நாசமாக்கிய குண்டே அங்கே வளர்ந்த பவளத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறது.

நமக்கு வேண்டியது மூன்று எண்கள். வருஷத்துக்கு எவ்வளவு நீண்டது, எவ்வளவு அடர்த்தி, இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு சுண்ணாம்பு சேர்ந்தது. 1.2 செ.மீ. நீண்டு, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.25 கிராம் இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அந்த வருஷம் சேர்ந்தது 1.5 கிராம். பவளம் கட்டும் சுண்ணாம்பு வகைக்கு அரகோனைட் என்று பெயர். துளையே இல்லாத அரகோனைட்டின் அடர்த்தி 2.93. ஆக, கையில் கல்லாகக் கனக்கும் இந்தப் பொருளில் பாதிக்கு மேல் வெற்றிடம். கணக்கு மூன்றாம் வகுப்புப் பெருக்கல்தான். கஷ்டமெல்லாம் பெருக்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

முதல் கோரின் மேல்துண்டு, முப்பது சென்டிமீட்டர் இருக்கும். படத்தை இமேஜ்ஜேயில் திறந்தேன். இலவச மென்பொருள், 1997-இலிருந்து இருக்கிறது, உயிரியல் கூடங்களில் அது இல்லாத கம்ப்யூட்டரே இருக்காது. மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேல் சாம்பல் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைபடம் போட்டேன். அழகான அலைகள். ஒவ்வொரு அலையும் ஒரு வருஷம். அதோடு, அலைகளின் மொத்த வரிசையும் பழைய வருஷங்களிலிருந்து புதிய வருஷங்களை நோக்கிச் சீராகச் சரிந்துகொண்டே வந்தது. அடர்த்தி குறைகிறது! கடல் சூடாகிறது, அமிலமாகிறது, பவளம் இளைக்கிறது. செய்தித்தாளில் படித்ததெல்லாம் என் திரையில். பிரிண்ட் எடுத்துக்கொண்டு எங்கள் ஆராய்ச்சிக் கூடத்து மேடம் அறைக்கு ஓடினேன்.

மேடம் ஒரு நிமிஷம் பார்த்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "பலகையைத் திருப்பி வெச்சு இன்னொரு படம் எடுத்துட்டு வாங்க" என்றார்.

மறுபடி ராத்திரி பத்து மணி. மறுபடி பேஷண்ட் பெயர். போன தடவை தலை இருந்த பக்கம் இப்போது கால். அவ்வளவுதான் மாற்றம். திரும்பி வந்து அதே கோடு, அதே இடத்தில். இந்தத் தடவை அடர்த்தி சீராக *ஏறிக்கொண்டு* வந்தது. அதே கல், அதே வருஷங்கள். ஒரு ராத்திரியில் பவளம் குணமாகிவிட்டது.

எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் கதிர் எல்லாப் பக்கமும் ஒரே பலத்தில் வருவதில்லை. ஆனோடு, அதாவது குழாயின் நேர்மின்முனை, இருக்கும் பக்கம் சற்றுப் பலவீனமாக இருக்கும். ஹீல் விளைவு என்பார்கள். பலவீனமான கதிர் விழும் பக்கம் படத்தில் வெளுத்துத் தெரியும். வெளுப்பு என்றால் அடர்த்தி என்றுதான் என் கோடு படித்துக்கொண்டது. போதாததற்கு, குழாய்க்கு நேர் கீழே உள்ள இடத்தைவிட ஓரங்களுக்குத் தூரமும் அதிகம். மருத்துவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எலும்பு முறிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நமக்கோ அந்தச் சரிவுதான் மொத்த ஆராய்ச்சி முடிவாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

யோசித்துப் பார்த்தால், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வரைந்தபோது ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சரிவு, துண்டு மாறும் இடத்தில் ஒரு குதிப்பு, மறுபடி சரிவு. ரம்பப் பல் மாதிரி. எந்தக் கடலும் நாங்கள் கோரை உடைத்த இடம் பார்த்துத் தன் சூட்டை மாற்றிக்கொள்ளாது.

தீர்வு கடினமில்லை. கல் வைப்பதற்கு முன், அதே அமைப்பில், காலி மேசையை ஒரு படம். அதுதான் அன்றைய வெளிச்சத்தின் வரைபடம். கல் படத்தைக் காலிப் படத்தால் வகுத்து, மடக்கை எடுத்தால் கதிரின் ஏற்ற இறக்கம் போய்விடும். மடக்கை ஏன் என்றால், கல்லின் கனம் கூடக் கூடக் கதிர் அடுக்கு விகிதத்தில் குறையும், நேர் விகிதத்தில் இல்லை. பக்கத்திலேயே அலுமினியப் படிக்கட்டு ஒன்றை வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படியும் தெரிந்த கனம். சாம்பல் அளவிலிருந்து அடர்த்திக்கு ஏற அதுதான் ஏணி. சிலர் பெரிய மட்டிச் சிப்பி ஓட்டைப் படிப்படியாக இழைத்து வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் அரகோனைட் என்பதால் பவளத்துக்கு இன்னும் பொருத்தம். எங்களிடம் இருந்தது அலுமினியம், லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது.

படம் வாங்கும் விதத்திலும் ஒரு குழி உண்டு. முதலில் சென்டரில் சிடியில் போட்டுத் தந்தது ஜேபெக். பார்ப்பவர் கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அந்த மெஷின் ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் திருத்திவிடுகிறது. திங்கட்கிழமை படத்தில் 140 என்பதும் செவ்வாய்க்கிழமை படத்தில் 140 என்பதும் ஒன்றில்லை. "அண்ணே, மேக்கப் போடாத படம் வேணும்" என்று கேட்டு, டைகாம் என்ற மருத்துவப் பட வடிவில் மூலக் கோப்பை வாங்கப் பழகினேன். அதை அவர் மறக்கவே இல்லை. இப்போதும் நான் போனால், "மேக்கப் இல்லாமதானே?" என்பார்.

இதையெல்லாம் செய்த பிறகும் நான் படத்தை முழுசாக நம்புவதில்லை. பலகையின் ஒரு மூலையில் சின்னச் செவ்வகத் துண்டு ஒன்றை அறுத்து, அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்தி, வெர்னியரால் மூன்று பக்கமும் அளந்து, தராசில் நிறுத்துவேன். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. பள்ளிக்கூட லேப் சோதனை. இதில் வரும் எண்ணும் அதே இடத்தில் படம் சொல்லும் எண்ணும் ஒத்துப் போகாவிட்டால் படம்தான் தப்பு. ஒருமுறை படம் கூட்டிச் சொன்னது. காரணம் ஈரம். முதல் நாள் கழுவிய பலகை வெளியே உலர்ந்திருந்தது, துளைகளுக்குள் தண்ணீர் உட்கார்ந்திருந்தது. தண்ணீரையும் சுண்ணாம்பாக எண்ணிவிட்டோம்.

நீளத்தில் வரும் தவறு வேறு ரகம். எக்ஸ்ரே என்பது நிழல். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டினால் நிழல் பெரிதாகத்தானே விழும்? குழாயிலிருந்து உணர்தகடு ஒரு மீட்டர் கீழே, பலகை தகட்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே என்றால், தொண்ணூற்று நாலு நூறாகும் கணக்கில் படம் பெருகும். ஆறு சதவீதத்துக்கு மேல் கூடுதல். கோப்பில் எழுதியிருக்கும் பிக்சல் அளவு தகட்டின் தளத்தைச் சொல்வது, கல்லின் தளத்தை இல்லை. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைப் படத்தோடு எடுத்தேன், அது போதும் என்று நினைத்தேன். ஆனால் ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு, பலகையை நுரைப் பஞ்சு மேல் வைத்திருந்தேன். ஸ்கேல் கல்லின் உயரத்தில் இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இமேஜ்ஜேயில் அளவுகோல் பொருத்தும் பெட்டியில் 'குளோபல்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் திறந்திருக்கும் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு பொருந்திவிடும். நேரம் மிச்சம் என்று போட்டுவிட்டு, வேறு ரெசல்யூஷனில் எடுத்த படங்களை அளந்து, ஒரு கோர் முழுக்கப் பாதி வேகத்தில் வளர்ந்ததாக எழுதி வைத்தேன். பாதி என்பதால் மாட்டிக்கொண்டது. பத்து சதவீதமாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி அறுப்பு. எங்களிடம் நல்ல ரம்பம் கிடையாது. கிரானைட் பட்டறை ஒன்றில் தண்ணீர் ஊற்றி அறுக்கும் வைரப்பல் ரம்பம் இருந்தது. அங்கே கொடுத்தோம். அறுத்துக் கொடுத்த அண்ணன் கைக்காரர். ஏழு மில்லிமீட்டர் கனம் என்றால் ஓரத்திலிருந்து ஓரம் ஏழுதான். ஆனால் அவர் கோரின் நடுவே நேராக அறுத்தார். பவளமோ கோருக்குள் நேராக வளரவில்லை. துளைத்தவர் அண்டாவின் உச்சியில் செங்குத்தாக இறங்கியிருந்தால் சரி. கொஞ்சம் தோள்பட்டைப் பக்கம் இறங்கினாலும், பாலிப்கள் ஏறிய திசை ஒன்று, பலகையின் திசை வேறொன்று என்று ஆகிவிடும். இருபது பாகை சாய்ந்திருந்தால் பட்டையின் நீளம் ஆறு சதவீதம் கூடித் தெரியும், முப்பது என்றால் பதினைந்துக்கும் மேல். வெண்டைக்காயைச் சாய்த்து நறுக்கினால் துண்டு நீளமாக வருகிற மாதிரிதான். நல்ல பலகையில் குழிகளின் சுவர்கள் தலைமயிர் வாரிவிட்ட மாதிரி நீள நீளமாக ஓடும். சாய்ந்த பலகையில் அவை புள்ளிப் புள்ளியாக வெட்டுப்பட்டு நிற்கும். அப்படி நிற்கும் இடத்தில் கோடு இழுக்காதீர்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அந்த வருஷங்களை விட்டுவிடுங்கள். இப்போதெல்லாம் அறுப்பதற்கு முன் கோரின் மேல் பென்சிலால் திசை போட்டுக் கொடுக்கிறோம். அந்த அண்ணனும் நின்று பார்த்து, "இப்படிச் சொன்னா அப்பவே அறுத்திருப்பேனே" என்றார். சொல்லாதது எங்கள் தப்பு.

கோட்டின் அகலமும் முக்கியம். ஒற்றைப் பிக்சல் கோடு போட்டால் அது ஒரு குழிக்குள்ளும் ஒரு சுவருக்குள்ளும் மாறி மாறி விழுந்து, வருஷத்துக்குப் பதில் துளைகளை எண்ணும். நான் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்தில் சராசரி எடுக்கிறேன். பட்டை வளைந்து ஓடும் இடத்தில் அகலம் கூடினால் பட்டையே கலங்கிப் போகும், அங்கே குறைத்துக்கொள்வேன். ஒரு பலகையில் ஒரு கோடு போதாது, தள்ளித் தள்ளி மூன்று.

புரோகிராம் எழுதத்தானே என்னைக் கூப்பிட்டார்கள், அந்தக் கதைக்கு வருகிறேன். பைத்தானில் சிகரங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. ஒரு மேடு எவ்வளவு உயர்ந்து நின்றால் அதைச் சிகரம் என்று ஏற்பது என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், பவளத்துக்கு வயது 41 என்றது. எண்ணைக் கொஞ்சம் இறக்கினேன், 46. இன்னும் கொஞ்சம், 53. கேட்ட வயதைச் சொல்லும் ஜோசியர் மாதிரி. நடுவே வரும் போலிப் பட்டைகள்தான் காரணம். வெளிறல் (சூட்டில் பவளம் நிறம் இழப்பது) மாதிரி ஒரு கஷ்டகாலம் வந்தால் பவளம் பருவம் தப்பி ஒரு நெருக்கமான பட்டையைப் போட்டுவிடும். சில வருஷங்களில் உண்மையான பட்டையே மங்கிவிடும். மேல்தோலின் கனம் முழுவதும் சுண்ணாம்பு தடித்துக்கொண்டே வருவதால், பருவங்களின் எல்லை ஏற்கெனவே ஈரத் துணியில் பட்ட மை மாதிரி சற்றுப் பரவித்தான் இருக்கிறது.

எல்லை சற்று முன்பின் போனால் பெரிய நஷ்டமில்லை. ஒரு வருஷம் குறையும், அடுத்தது கூடும், சராசரி நிற்கும். பட்டை ஒன்றைத் தவறவிட்டாலோ ஒரு வருஷத்தின் வளர்ச்சி இரட்டிப்பாகும், அதற்கு முந்தைய ஆண்டுகள் எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். 1998-இன் வெளிறல் 1999-இல் போய் நிற்கும். எனவே என் புரோகிராம் இப்போது சிகரங்களை *முன்மொழியும்*, அவ்வளவுதான். ஏற்பதும் தள்ளுவதும் ஆள். மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல் எண்ணுகிறோம். கோரின் பெயர் மறைத்திருக்கும். கடைசி வருஷம் எது என்பது கோர் எடுத்த தேதியிலிருந்து தெரியும். அதை ஆணியாக அடித்துக்கொண்டு கீழே இறங்குவோம்.

அந்தக் கடைசி வருஷத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோர் எடுத்த நாளில் அந்த வருஷம் முடிந்திருக்காது. மேல்தோல் இருந்த சில மில்லிமீட்டரில் சுண்ணாம்பு தடித்து முடிந்திருக்காது. அங்கே அடர்த்தியும் குறைவாகத் தெரியும், நீளமும் குட்டையாகத் தெரியும். வரைபடத்தின் வலது ஓரத்தில் கோடு தலைகீழாக விழும். பார்ப்பவர் மனம் முழுக்க 'இப்போது என்ன ஆகிறது' என்ற கேள்வி இருக்கும்போது, பதில் மாதிரியே ஒரு பொய் அங்கே வந்து நிற்கிறது. அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

இது எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. 2009-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 69 திட்டுகளிலிருந்து 328 போரைட்டீஸ் கூட்டங்களை அளந்து, 1990-க்குப் பிறகு சுண்ணாம்புக் கட்டுமானம் 14.2 சதவீதம் குறைந்திருக்கிறது என்று டியாத், லாவ், ஃபப்ரீசியஸ் எழுதினார்கள். உலகமெங்கும் பேசப்பட்ட எண். 2013-இல் வேறு சிலர், கோரின் வெளி ஓரத்து அளவுகளில் கோளாறு இருக்கிறது, சின்னக் கூட்டங்களையும் பெரியவற்றையும் கலந்ததில் வயதின் விளைவும் நுழைந்திருக்கிறது என்றார்கள். முதல் குழுவினர், இல்லை, குறைந்தது குறைந்ததுதான் என்று பதில் எழுதினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் எடுத்த கோர்களை 2012-இல் பார்த்தவர்களுக்குப் பரவலான சரிவு எதுவும் தெரியவில்லை, தெற்கே குளிர்ந்த பகுதியில் வளர்ச்சி கூடியும் இருந்தது. செங்கடலின் டிப்ளோஸ்ட்ரியா பவளங்களை சி.டி. ஸ்கேன் செய்தவர்கள் 2010-இல் சொன்னது, 1998 முதல் 30 சதவீதச் சரிவு. ஆக, ஒரு கடலின் கதை இன்னொன்றுக்கு இல்லை. என் சார்பு என்னவென்று கேட்டால், சூடு பவளத்தை வதைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வெளிறிய திட்டைப் பார்த்தவர் யாருக்கும் இருக்காது. அதனாலேயே, எனக்குப் பிடித்த பதிலை என் படம் சொல்லும்போது இரட்டிப்பாகச் சந்தேகப்படுகிறேன். முதல் வரைபடம் ஏறிக்கொண்டு வந்திருந்தால், மேடம் சொல்லாமலே நானே நூறு தடவை சரிபார்த்திருப்பேன். சரிந்ததால்தான் ஓடினேன்.

இரண்டாம் வருஷத்திலிருந்து சி.டி. ஸ்கேனுக்கு மாறினோம். அறுக்கவே வேண்டாம், முழுக் கோரையும் படுக்க வைத்து உள்ளே தள்ளினால் முப்பரிமாணமாக வந்துவிடும். கோரல்சிடி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, தாமஸ் டிகார்லோவும் ஆன் கோஹனும் 2016-இல் வெளியிட்டது, மேட்லேப்பில் ஓடும். பட்டைகளுக்கு நடுவே பாலிப் குழிகள் ஏறிய பாதையைப் பின்தொடர்ந்து வளர்ச்சியை அளக்கும். வெண்டைக்காய்ப் பிரச்சினை தீர்ந்தது. நிரலைத் திறந்து படிக்கலாம் என்பது எனக்குப் பிடித்தது. பட்டையைக் குறிப்பது அதிலும் ஆள் வேலைதான். எக்ஸ்ரேக்கென்றே எழுதிய பழைய கோரல்எக்ஸ்டிஎஸ் என்ற விண்டோஸ் மென்பொருளும் உண்டு, பலகைப் படங்கள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் உதவும்.

சி.டி.க்கும் தன் வியாதிகள் உண்டு. கல்லின் வெளிவிளிம்பு உள்ளே இருப்பதைவிட அடர்த்தியாகத் தெரியும். கதிர் கல்லுக்குள் போகப் போக மென்மையான பகுதி வடிகட்டப்பட்டுவிடுவதால் அப்படி. விளிம்பு ஓரத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே மட்டும் அளக்கிறோம். எலும்பைத் துல்லியமாகக் காட்ட மெஷின் ஒரு கூர்மையாக்கும் வடிகட்டியைப் போடும், அதை மாற்றச் சொல்ல வேண்டும். தராசில் நிறுத்து அடர்த்தி தெரிந்த நாலைந்து பவளத் துண்டுகள் எங்களிடம் டப்பாவில் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்கேனிலும் கோர் பக்கத்தில் அவையும் படுத்துக்கொள்ளும். "பேஷண்டோட அட்டெண்டர் வந்தாச்சா?" என்பார் அண்ணன்.

இன்னொரு பழக்கம், சின்னது, ஆனால் என்னைப் பலமுறை காப்பாற்றியது. இழுத்த கோடுகளைப் படத்தோடு சேர்த்துச் சேமிப்பது. எண்ணை மட்டும் எக்செல்லில் போட்டுவிட்டுக் கோட்டை மூடிவிட்டால், ஆறு மாதம் கழித்து அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நமக்கே தெரியாது. கோப்பின் பெயரில் எடுத்த தேதி, துண்டின் எண், தலை எந்தப் பக்கம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதாமல் விட்ட படங்கள் எங்களிடம் பதினொன்று இருக்கின்றன. மேல் கீழ் தெரியாத கல்லிலிருந்து எந்தக் காலத்தை எண்ணுவது?

மூன்று பேர் எண்ணியும் ஒத்துப்போகாத ஒரு கோர் இப்போது மேசைமேல் கிடக்கிறது. உச்சியிலிருந்து முப்பது வருஷம் வரை மூவரும் ஒன்று. அதற்குக் கீழே, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, இரண்டு மங்கலான பட்டைகள். நான் இரண்டு வருஷம் என்கிறேன், கூட வேலை செய்யும் அக்கா ஒன்று என்கிறார், மேடம் காலையில் இரண்டு என்றும் மாலையில் ஒன்று என்றும் சொல்கிறார். அந்த இடத்தைப் பல் மருத்துவர் துளைக்கிற மாதிரி நுனியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சுரண்டி, ஸ்ட்ரோன்சியம் கால்சியம் விகிதம் பார்க்கக் கொடுத்திருக்கிறோம். கடல் சூடானால் அந்த விகிதம் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். எத்தனை கோடை வந்து போனது என்று அது சொல்லிவிடும். கருவிக்கு வரிசை நீளம், நாலு மாதம் ஆகுமாம். அதுவரை கோப்பில் வயதுக்குப் பக்கத்தில் 'ஒன்று கூடலாம், குறையலாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.